மந்திரித்த வண்டியும் பிலோமினம்மாளின் சைக்கிளும்

பூன் லே அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருஷமாகியும் பிலோமினம்மாள் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது வானத்தைத்தான். அந்த வீட்டில் மழையைப் பற்றிக் கவலைப்பட வேறு யாருக்கும் காரணம் இல்லை. அவளுக்கு மட்டும் கிராஞ்சிப் பண்ணையில் ஆர்க்கிட் செடிகள் வரிசை வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவற்றைப் பற்றிச் சொல்வாள்.

"வேர்ல தண்ணி நின்னா கோவிச்சுக்கும். தண்ணியே காட்டலன்னாலும் கோவிச்சுக்கும். என் நாத்தனார் மாதிரிலா."

சுவா சூ காங் பக்கம் கம்பத்தில், அந்தப் பழைய கிராமத்தில், குடியிருந்த காலத்தில் அவள் சைக்கிளிலேயே பண்ணைக்குப் போய்வந்தாள். நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு இங்கே வீடு கொடுத்தபோது, இனி அவள் வேலைக்குப் போகமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் நினைக்கவில்லை.

அவள் கணவர் அருளானந்தம் சிராங்கூன் சாலையில் ரவூப் பாயின் மளிகைக்கடை வேனை ஓட்டினார். சாயங்காலமே அரிசியும் வெங்காயமும் ஏற்றி வேனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். விடிந்ததும் முதல் சரக்கு கிராஞ்சிக்கு. அதனால் பிலோமினம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்து பெரிய சாலைவரை போய்விடலாம். அங்கிருந்து பண்ணைக்கு நீளமான செம்மண் பாதை. மூட்டை ஏற்றிய வேன் அதில் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். சைக்கிள் இல்லாமல் முடியாது; அதை வேனுக்குள் ஏற்றவோ மூட்டைகளுக்கு நடுவே இடமில்லை. ஒருமுறை சைக்கிளைப் பாதை முனையில் ரம்புத்தான் மரத்தில் கட்டிவிட்டு வந்தாள். மறுநாள் சங்கிலி மட்டும் இருந்தது.

புதுச் சைக்கிள் வாங்கியபிறகு அருளானந்தம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வேனின் பழைய முதலாளி படகு இழுக்க வைத்த சதுர இரும்புக் குழாய் பின்பம்பருக்கு அடியில் அப்படியே இருந்தது. அதற்குள் நுழைகிற இன்னொரு சதுரக் குழாயில் கைபோல இரண்டு கம்பி வைத்து, சைக்கிளைத் தாங்கும் ஒரு ரேக் செய்தார். குழாயைச் செருகி, குறுக்கே ஒரு இரும்பு முளையைப் போட்டால் முடிந்தது. சைக்கிள் வேனின் முதுகில் தொங்கிக்கொண்டு வந்தது. "எந்தக் கடையில வாங்கினேன்னு ரவூப் பாயே கேட்டாரு" என்று அவர் பல பேரிடம் சொன்னார்.

ஆறு மாதத்தில் ரேக் ஆட ஆரம்பித்தது. அருளானந்தம் முதலில் கயிறு கட்டினார். அதன்மேல் பழைய டியூப் சுற்றினார். அதற்கும் மேலே இன்னொரு கயிறு.

"இந்த ரெண்டு குழாய்க்கும் நடுவுல இருக்கற சந்துல என் சுண்டு விரல் நொழையுதுங்க. வெளிய கட்டிக்கிட்டே போனா உள்ள ஆடாம இருக்குமா? கழட்டிக் கொண்டுபோய் வெல்டிங் பண்ணுங்க" என்றாள் பிலோமினம்மாள்.

"பாத்துக்கலாம் பிலோமி" என்று அவர் மூன்றாவது கயிற்றை எடுத்தார்.

ஒரு திங்கட்கிழமை சுவா சூ காங் சாலை வளைவில் சைக்கிள் துள்ளிக் கீழே விழுந்தது. பின்னால் தொழிலாளர்களை ஏற்றிவந்த லாரி சரேலென நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றுமில்லை. சைக்கிளின் முன்சக்கரம்தான் கோணிப்போயிற்று.

"அக்கா, ஒங்களுக்கு முந்தி சைக்கிள் எறங்கிடுச்சு!" என்று லாரியில் இருந்து ஒருவன் கத்தினான். பிலோமினம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலமே நாத்தனார் அருள்ஜோதி வந்துவிட்டாள். ஜூரோங்கில் அவள் வேலை செய்த எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"பிளாக்குக்குக் கீழயே கம்பெனி பஸ் வருது அண்ணி. ஏர்கான். உக்காந்த எடத்துல வேலை. ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லுங்க, சூப்பர்வைசர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"செடியெல்லாம்?"

"காரிடார்ல ரெண்டு தொட்டி வச்சுக்கங்க லா."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அருளானந்தம் தலை நிமிராமல், "அதுவும் நல்லதுதான்" என்றார்.

அந்த வார்த்தை பிலோமினம்மாளுக்கு எங்கேயோ தைத்தது. அருள்ஜோதி போனபிறகு கேட்டேவிட்டாள்.

"நான் வேலைய விடணும்னுதான் அந்த ரேக்க ஒழுங்கா செய்ய மாட்டேங்கிறீங்களா?"

அவர் பதறிப்போனார். "சேச்சே! வெல்டிங் பட்டறையில ஓட்டை போடணும்பாங்க. அதுல எப்படிம்மா போடறது? ஃபாதர் மந்திரிச்ச வண்டி. அதுக்கப்பறம் ஒரு கீறல் விழுந்திருக்கா சொல்லு. கயிறு கட்டினா பரவாயில்ல. மெஷின வச்சுத் தொளைச்சா நல்லாவா இருக்கும்? இன்னிக்கி வேற விழுந்துடுச்சு. ஒன்னப் போக வேணாம்னு யாரோ சொல்ற மாதிரி மனசுக்குள்ள ஒரு பயம்."

கோயிலில் வண்டிகளை மந்திரித்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பிலோமினம்மாள் நினைத்துப் பார்த்தாள். நல்ல மழை. ஃபாதர் குடைக்குள் நின்றபடி ஒவ்வொரு வண்டியின் முகத்திலும் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு அடுத்த வண்டிக்கு ஓடினார்.

"பின்பக்கம் வந்தாரா?"

"வந்திருப்பாரு."

"வரல. நான்தான் சைக்கிளுக்கு பிளாஸ்டிக் போத்திக்கிட்டுப் பின்னாடியே நின்னேன். அந்த ரேக் மேல விழுந்தது மழைத் தண்ணிதான்."

அருளானந்தம் மெதுவாகக் கேட்டார்: "அப்போ இத்தன நாளா மந்திரிக்காமலா ஓட்டியிருக்கேன்?"

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் சிராங்கூன் சாலைக்குப் பின்சந்தில் இருந்த மருதப்பனின் வெல்டிங் பட்டறைக்குப் போனார்கள். கயிறுகளை அறுக்கவே மருதப்பனுக்கு நேரம் பிடித்தது.

"இது என்னண்ணே, ரேக்கா பார்சலா? ஊருக்கு அனுப்பப் போறீங்களா?"

அவர் வெளிக்குழாயின் பக்கவாட்டில் ஓர் ஓட்டை போட்டு, அதன்மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தார். அதன் வழியாகத் தடித்த போல்ட்டை முடுக்க முடுக்க, அது உள்குழாயை எதிர்ச்சுவரோடு நெருக்கிப் பிடித்துக்கொண்டது. பிலோமினம்மாள் சுண்டு விரலை வைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. ரேக்கின் கைகளைப் பிடித்து முழு பலத்தோடு உலுக்கினாள். வேன்தான் ஆடியது.

"ஓட ஓடத் தளரும்கா. மாசம் ஒரு வாட்டி மறக்காம முடுக்குங்க" என்றார் மருதப்பன்.

மறுநாள் பூசை முடிந்ததும் அருளானந்தம் ஃபாதரைக் கையோடு அழைத்துக்கொண்டு வேனின் பின்பக்கம் வந்தார். பதிலுக்காகக் காத்திருந்த அருள்ஜோதியும் கூடவே வந்தாள். ஃபாதர் செபம் சொல்லித் தீர்த்தத்தைத் தெளிக்கக் கை ஓங்கியபோது, பிலோமினம்மாள் சட்டென்று குனிந்து போல்ட்டின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"என்னம்மா?"

"மந்திரிச்சத இவரு தொட மாட்டாரு ஃபாதர். இத மாசாமாசம் முடுக்கணும். இத மட்டும் விட்டுடுங்க."

ஃபாதர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ரேக்கின் மேலும் சைக்கிளின் மேலும் அவள் புறங்கையின் மேலும் தீர்த்தம் விழுந்தது.

"அண்ணி, நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்றாள் அருள்ஜோதி.

"நாளைக்குச் செடிக்கு மருந்தடிக்கற நாள்னு சொல்லு."

அவள் கையை எடுத்ததும் அருளானந்தம் மண்டியிட்டு, போல்ட்டைச் சுற்றிலும் உற்றுப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. எழுந்துபோய், சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்து இன்னும் கொஞ்சம் முடுக்கினார்.