இடது நெற்றிக்கு மேல் நான்கு மில்லிமீட்டர்

எங்கள் அறைக்குள் முதல்முறை வருகிறவர்கள் ஒரு அடி பின்வாங்கிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். சுவரில் மூன்று வரிசைப் பலகை, பலகை முழுக்க வெள்ளைத் தலைகள். முப்பத்தொரு தலை. கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. நெற்றி, உச்சி, பிடரி, காது, கழுத்தில் ஒரு எண், அவ்வளவுதான். போர் விமானம் ஓட்டும் முப்பத்தொரு பேரின் மண்டை, பிளாஸ்டரில் அச்செடுத்தது. சம்பளப் பிரிவுக்குப் புதிதாக வந்த எழுத்தர் இரண்டு மாதம் காகிதங்களைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டே ஓடினார். அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. பத்தொன்பது வருஷமாக அதே அறையில் ஆக்சிஜன் மாஸ்க் பழுது பார்க்கிறேன், இன்றைக்கும் அந்தத் தலைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டேன்.

அவற்றைச் செய்தவர் பக்கத்து மேஜைக்காரர். விமானத் தளம் முழுக்க அவருக்குத் தலைக்காரம்மா என்றுதான் பெயர். விமானியை நாற்காலியில் உட்காரவைத்து, ஈரப் பிளாஸ்டர் துணியைத் தலையில் சுற்றி, இருபது நிமிஷம் அசையக் கூடாது என்பார். எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் அசைந்தால் அதட்டுதான். அந்த அச்சிலிருந்து ஒரு தலை வார்த்து, அதன் மேல் ஹெல்மெட்டின் உள்மெத்தையைச் செதுக்குவார். இந்தக் காலத்து ஹெல்மெட் வெறும் பாதுகாப்புக்கு இல்லை. விமானியின் கண்ணுக்கு முன்னால் ஒரு பச்சைக் குறி தெரியும். அவர் எங்கே திரும்பிப் பார்க்கிறாரோ அங்கே ஏவுகணையும் திரும்பிப் பார்க்கும். ஹெல்மெட் ஒரு நூல் நகர்ந்தால் போதும், குறி ஒரு தெரு தள்ளிப் போய் நிற்கும்.

தினமும் காலையில் ஈரத்துணியால் எல்லாத் தலைகளையும் துடைப்பார், காதுக்குப் பின்னால்கூட விடமாட்டார். துடைத்துக்கொண்டே, "பதினாலு சரியாத் தூங்கல போல" என்பார். பிளாஸ்டராவது, தூக்கமாவது என்று நான் சிரிப்பேன். மத்தியானம் பதினாலாம் எண் விமானி கண் சிவக்க வந்து நிற்பார். அப்போது சிரிப்பு வராது. ஆனால் இருபத்திரண்டாம் தலை மட்டும் அந்தம்மாவிடம் ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் அவருடைய மாப்பிள்ளையின் தலை.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்க வந்த மகள், புருவம் வரை பிளாஸ்டரோடு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த விமானியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்குக் கோபம் வந்தும் தலையைத் திருப்ப முடியவில்லை. அடுத்த வருஷமே கல்யாணம். மாப்பிள்ளையின் மண்டையை முதலிலேயே அளந்து வைத்துக்கொண்ட ஒரே மாமியார் நீங்கள்தான் என்று நான் சீண்டுவேன். அறைக்குள் அவர் 'சார்', வாசலைத் தாண்டினால் 'மாப்ள'. இந்த ஒழுங்கை அந்தம்மா ஒரு நாளும் மீறியதில்லை.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அந்த விமானி ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். இடது நெற்றிக்கு மேல் அழுத்துகிறதாம். அந்தம்மா மெத்தையை ஒரு மில்லிமீட்டர் சீவி, குறை நீக்கப்பட்டது என்று அட்டையில் கையெழுத்துப் போட்டார். சில மாதம் கழித்துத் திரும்பவும் அதே புகார். திரும்பவும் சீவினார், கையெழுத்துப் போட்டார்.

அந்த விமானி என் மேஜைக்கும் வந்திருந்தார். மாஸ்க்கில் ஒயர் கருகின வாடை வருகிறதாம், அரை நிமிஷம் அடித்துவிட்டுப் போய்விடுகிறதாம். சோதித்தேன், சுத்தமாக இருந்தது. நன்றாகப் பாருங்கள் என்றார். மாஸ்க்கை என் முகத்திலேயே வைத்து இழுத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் ஒரு கணம் அந்த வாடை அடித்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குழாயை மாற்றினேன், வடிகட்டியை மாற்றினேன், குறை நீக்கப்பட்டது என்று எழுதினேன். மூன்றாம் தடவை வந்தபோது, இதென்னடா ஒரே நச்சரிப்பு என்று மனசுக்குள் திட்டினேன்.

இரண்டு மேஜைக்கும் நடுவில் நாலடி தூரம்தான். என்னிடம் அந்தம்மா சொல்லவில்லை, அவரிடம் நானும் சொல்லவில்லை. மாப்பிள்ளை பேச்சை வேலையிடத்தில் எடுப்பது அவருக்குப் பிடிக்காது. அதில் மூக்கை நுழைத்து வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கும் விருப்பமில்லை.

ஒரு காலை, பத்தரை மணி இருக்கும். இருபத்திரண்டு மாற்று ஹெல்மெட்டோடு வானத்தில் இருந்தார். அன்று புது மெத்தை செய்வதற்காக, இரண்டு தடவை சீவின பழைய மெத்தையை எடுத்து அவருடைய பிளாஸ்டர் தலையில் மாட்டினார் அந்தம்மா. அது ஆடியது. டக், டக் என்று சத்தம். இடைவெளி அளக்கும் கவைக்கோலை எடுத்து அளந்தார், பிறகு அதை என்னிடம் நீட்டினார். நானும் அளந்தேன். இடது நெற்றிக்கு மேல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி. அந்தம்மா சீவினது இரண்டுதான். மற்ற இரண்டை மெத்தைக்குள் அமுக்கியது எது?

பிளாஸ்டர் சுருங்குமா என்று கேட்டேன். சுருங்காது என்றார். ஹெல்மெட்? அதுவும் சுருங்காது.

"அப்ப எது வளந்திருக்கு?" என்றார்.

வாடை விஷயத்தை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். இரண்டு பேருடைய அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அழுத்தமும் வாடையும் ஒரே மாதத்தில் தொடங்கியிருந்தன. இரண்டு பேரும் சாமானைத்தான் சரி செய்துகொண்டிருந்தோம்.

அந்தம்மா இருபத்திரண்டாம் தலையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அட்டைகளை அள்ளிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். வெயிலில் வெள்ளைவெளேரென்று, குழந்தை மாதிரி இடுப்பில் ஒரு தலை. விமானத்தடியில் வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்குகள் கையில் இருந்ததை அப்படியே பிடித்தபடி நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். யாரோ செத்துவிட்டதாக நினைத்திருப்பார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சந்தேகம் தப்பாகிப் போனால் மாப்பிள்ளையின் பெயர் கெடும். சரியாக இருந்தால் அவர் பறப்பது அன்றோடு முடிந்தது. வழியெல்லாம் அந்தம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மகள் தன்னை மன்னிக்க மாட்டாள்.

படைப்பிரிவுத் தலைவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மாமியாரின் பயத்துக்கெல்லாம் விமானத்தை இறக்க முடியுமா என்றார். அந்தம்மா தலையை அவர் மேஜை மேல் வைத்தார்.

"சார், இது கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த தலை. இப்ப மேல இருக்கறது வேற தலை. ரெண்டு வாட்டி சீவி மறைச்சது நான்தான். என்மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. முதல்ல அவரை இறக்குங்க."

தலைவர் கொஞ்ச நேரம் அந்த முகமில்லாத முகத்தையே பார்த்தார். பிறகு ரேடியோவில் கூப்பிடச் சொன்னார். பதில் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை, "கேக்குது, திரும்புறேன்" என்று சாவகாசமாகக் குரல் வந்தது.

இறங்கினார். காரணம் தெரிந்ததும் அந்தம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். மண்டைக்குள் ஒரு கட்டி என்றார்கள் டாக்டர்கள். மேலே இருந்த எலும்பைத் தடிக்க வைத்ததும் அதுதான், இல்லாத வாடையைக் காட்டினதும் அதுதான். ஆபரேஷன் நடந்தது, பிழைத்தார். இனி விமானம் ஓட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மகள் நாற்பது நாள் போனை எடுக்கவில்லை. எடுத்த அன்று, அவர் உசுரையே எடுத்துட்டியேம்மா என்றாளாம். அந்தம்மா அதை என்னிடம் சொன்னபோது, எனக்கு அந்தப் பெண்ணின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விசாரணைக்காக அந்தக் கடைசிப் பறப்பின் பதிவை எடுத்திருந்தார்கள். விமானி எங்கே பார்த்தார் என்பதையும் அந்த ஹெல்மெட் பதிந்து வைக்கும். ஒரு மத்தியானம் மாப்பிள்ளை வந்தார். தலையில் பாதி முடிதான் முளைத்திருந்தது. பார்க்க வேண்டும் என்றார், எங்களையும் கூட உட்காரச் சொன்னார்.

திரையில் வானம். நடுவில் பச்சைக் குறி. என் மாஸ்க் வழியாக அவர் மூச்சுவிடும் சத்தம். திடீரென்று குறி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. தொடுவானம் சாய்ந்தது. தரை திரையை நிரப்பிக்கொண்டே வந்தது. மூச்சு மட்டும் தூங்குகிறவருடையதைப் போல ஒரே சீராக இருந்தது. ரேடியோ கூப்பிட்டது. மூச்சு. திரும்பக் கூப்பிட்டது. மூச்சு. வயல் வரப்புகள் தெரிய ஆரம்பித்தன. மூன்றாம் குரலுக்குக் குறி துள்ளி மேலே வந்தது. "கேக்குது, திரும்புறேன்." மொத்தம் பதினோரு வினாடி.

முதல் தடவையே பதில் சொன்னேன் என்று அன்று வரை எல்லோரிடமும் சாதித்துக்கொண்டிருந்தவர் அவர். அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அந்தப் பதினோரு செகண்டு நான் எங்க இருந்தேன் அத்தை?"

அந்தம்மாவின் கை தானாகப் போய் மாப்பிள்ளையின் தலைமேல், தையல் போட்ட இடத்தில் நின்றது.

"எனக்குத் தெரியல மாப்ள," என்றார். "வாங்க, வீட்டுக்குப் போய் சாப்பிடலாம்."