ரெஜினா மேடம் கடைசியாகக் கேட்ட ஆல்பம்

ரெஜினா மேடம் காலமான செய்தி வந்தபோது நான் பெங்களூரு பொம்மனஹள்ளி அலுவலகத்தில் ஒரு லிஃப்ட் கன்ட்ரோல் போர்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மஞ்சுநாத் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"குரு, ஒந்து நிமிஷா," என்றார் கன்னடத்தில். அவருக்கு எல்லோரும் 'குரு'தான்.

"இருங்க மஞ்சு, மூணாவது மாடியில நிக்கமாட்டேங்குது," என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

போர்டுக்குப் போகும் மின்சாரத்தை அவரே அணைத்தார். "ரெஜினா மேடம் ஹோகிபிட்ரு," என்றார். போய்விட்டார். காலையில், ஆஸ்பத்திரியில்.

மேடத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் நிறுவனத்தின் தரச் சோதனைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். லிங்கராஜபுரத்துக்காரர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு போர்டும் வெளியே போகாது. என் போர்டுகள் பலமுறை திரும்பி வந்திருக்கின்றன. அதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் நாங்கள் உண்மையில் சண்டை போட்டது போர்டுகளைப் பற்றி அல்ல, பாட்டைப் பற்றி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேன்டீனில் காதில் ஹெட்ஃபோனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்னப்பா கேக்கற?"

"ஒரு ஆல்பம், மேடம்."

"எத்தனாவது பாட்டு ஓடுது?"

"தெரியல. ஷஃபிள்ல போட்டிருக்கேன்."

"ஷஃபிளா? பிரியாணிய எப்படிச் சாப்பிடுவ? மொதல்ல கிராம்பு, அப்புறம் எலும்பு, கடைசியா அரிசியா?"

அன்று தொடங்கியது. ஒரு மனிதர் வாழ்நாளில் கட்டாயம் முழுதாகக் கேட்க வேண்டிய ஆல்பங்கள் எவை என்பதுதான் எங்கள் மதிய மேசையின் தீராத வழக்கு. ஒருவர் ஓர் ஆல்பத்தை முன்மொழிவார், மற்றவர்கள் அதைக் கிழிப்பார்கள். மேடம் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். முன்மொழிபவர் அதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே மூச்சில் கேட்டிருக்க வேண்டும். "பேர் சொன்னா வாக்குக் குடுத்த மாதிரி," என்பார்.

பெரிய ரகளை, படப்பாட்டு ஆல்பம் ஆகுமா என்பதில்தான். ஆகாது என்பது என் கட்சி. ஆல்பம் என்றால் ஒரு கலைஞனின் ஒரே சிந்தனை, சினிமாப் பாட்டு இயக்குநர் சொல்லும் காட்சிக்குத் தைத்துக் கொடுப்பது என்றேன். மேடம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தைச்சுக் குடுத்தா சட்டை இல்லேன்னு ஆயிடுமா? ஓடாத படத்தோட கேசட்ட நாங்க தேயத் தேயக் கேட்டிருக்கோம். படம் என்னன்னே தெரியாது. அந்த அஞ்சு பாட்டும் அந்த வரிசையில வந்தாதான் எனக்கு ஞாயித்துக்கிழமை. அத ஆல்பம் இல்லேங்கறியா? நீ யாருடா?"

"கல்யாண ஆல்பம்கூட ஆல்பம்தான் மேடம், விடுங்க," என்று மஞ்சு சமாதானம் பேசினார். அவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. மேடத்துக்குத் தோற்கத் தெரியாது. தோற்றால் வேறு மேசைக்குப் போய்விடுவார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அலுவலகம் முழுக்கக் கல்கல் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். என் மேசைக்கு மட்டும் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "தைச்சுக் குடுக்கறதெல்லாம் உனக்குப் பிடிக்காதே. இது மாவைக் கிள்ளி சீப்புல உருட்டிக் குடுக்கறது. உனக்கு எதுக்கு?" என்றார். சாயங்காலம் என் பையில் ஒரு பொட்டலம் இருந்தது.

இனி என் பக்கத்துக் கதை. நான் முன்மொழிந்த ஆல்பங்களில் பெரும்பாலானவற்றை நான் முழுதாகக் கேட்டதில்லை. அலுவலகப் பஸ்ஸில் வரும்போது இணையத்தில் தரவரிசைகளைப் படிப்பேன், இரண்டு விமர்சனங்களை மேய்வேன், ஒன்றிரண்டு பாட்டின் முதல் நிமிடத்தைக் கேட்பேன். வாதாடுவதற்கு அது போதும். ஒரு சர்க்யூட்டைப் புரிந்துகொள்ள அதன் வரைபடம் போதும் என்றால், பாட்டுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மேடம் கேட்டார். நான் பெயர் சொன்ன ஒவ்வொன்றையும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சமைத்துக்கொண்டே, முழுதாகக் கேட்டார். திங்கட்கிழமை கேள்வியோடு வருவார். "அந்த ஏழாவது பாட்டுல பொண்ணு பாடிட்டே இருந்தவ பாதியில நின்னுடறாளே, ஏன்?" நான் ஏழாவது பாட்டைக் கேட்டிருக்க மாட்டேன். "அது வேணும்னே பண்றது மேடம், டென்ஷன் கிரியேட் பண்ண," என்பேன். "அப்படியா," என்று யோசிப்பார். "நான் அவளுக்கு மூச்சு முட்டுதோன்னு நினைச்சேன்."

பிறகு அவருடைய சிறுநீரகங்கள் பழுதாயின. டயாலிசிஸ் தொடங்கியது. வாரத்தில் சில நாள் மட்டும் அலுவலகம் வந்தார், பின்பு அதுவும் நின்றது. மதிய மேசையில் வழக்கும் நின்றது. நான் மறுபடி ஹெட்ஃபோனோடு சாப்பிடத் தொடங்கினேன்.

ஒருநாள் அவரிடமிருந்து குரல்செய்தி வந்தது. இன்னும் என் போனில் இருக்கிறது.

"கார்த்தி, இங்க நாலு மணி நேரம் கையை அசைக்கக் கூடாதாம். முழு ஆல்பம் கேக்கறதுக்குன்னே பண்ணி வெச்ச நாற்காலி மாதிரி இருக்கு. நல்லதா ஒண்ணு சொல்லுப்பா. சண்டைக்கு இல்ல. கேக்கறதுக்கு."

நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். ஒரு தரவரிசையைத் திறந்து, மேலே இருந்த பெயரை அப்படியே அனுப்பினேன். பனி கொட்டும் ஏதோ நாட்டுக் குழு ஒன்று, புரியாத மொழி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவது. அதன் ஒரு நொடியைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. "இது பெஸ்ட் மேடம்," என்றும் எழுதினேன். அவர் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

லிங்கராஜபுரத்து வீட்டில் மேடத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவருடைய கணவர் அருள் சார் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"நீங்கதானே கார்த்தி? நீங்க அனுப்பினீங்களே, அதத்தான் கடைசி வரைக்கும் கேட்டுட்டு இருந்தா. மெஷின்ல உக்காந்தா அதுதான். வேற எதுவும் போடல. எனக்கு ஒண்ணும் புரியல தம்பி. அதுல என்னதான் இருக்கு?"

சுற்றிலும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஒரு அமைதி இருக்கும் சார் அதுல," என்றேன். "ஒரு... பெரிய வெளி மாதிரி."

அவர் தலையை ஆட்டினார். திரும்பி மைத்துனியிடம் சொன்னார்: "அமைதி இருக்காம். பெரிய வெளி மாதிரியாம்." அந்த அம்மா அழத் தொடங்கினார். மாலையில் கல்லறைக்கு எடுத்துப்போகும் முன், மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: "நம் சகோதரி ரெஜினா தன் கடைசி நாட்களில், ஒரு பெரிய வெளியைப் போன்ற அமைதியை இசையில் கண்டடைந்தார்." கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சு என் தோளில் கை வைத்தார், நான் துக்கத்தில் குனிந்திருக்கிறேன் என்று நினைத்து.

சில நாள் கழித்து அருள் சார் போன் செய்தார். நினைவுப் பூசைக்குக் கார்டு அடிக்கிறாராம். மேடத்தின் படத்துக்குக் கீழே அந்த ஆல்பத்தின் பெயரும், நான் சொன்ன வாசகமும், என் பெயரோடு. வருகிற எல்லோரும் வீட்டுக்குப் போய் ஒரு தடவை கேட்கட்டும் என்று. "பிழை இருக்கான்னு வந்து பாத்துட்டுப் போங்க தம்பி. நாளைக்கு மெஷின்ல ஏத்தறேன்."

போனேன். கடை வீட்டின் முன்னறைதான். கணினித் திரையில் கார்டு இருந்தது. எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

"சார், இத அடிக்காதீங்க. நான் அந்த ஆல்பத்தைக் கேட்டதே இல்ல."

புரியாமல் பார்த்தார். மறுபடி சொன்னேன். மீட்டிங், தரவரிசை, எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னதும் இட்டுக்கட்டியது என்றேன்.

"அப்போ," என்றார் மெதுவாக, "அவ கேட்டுட்டு இருந்தது என்னது?"

"தெரியாது சார்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். 'இந்தா, நீயும் ஒரு காதுல வெச்சுக்கோ'ன்னு கூப்பிடுவா. ஆபீஸ் ஆளுங்க விவகாரம், எனக்கெதுக்குன்னு பேப்பர் படிச்சுட்டு இருந்தேன்." எதிர் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க. இப்பக் கேப்போம்," என்றார்.

மேடத்தின் போனைச் சின்ன ஸ்பீக்கரில் இணைத்தார். முதல் பாட்டு தொடங்குவதற்கே வெகுநேரம் ஆனது. காற்றைப் போல ஒரு சத்தம், பிறகு ஒரே சுருதியில் நீளும் குரல். இரண்டாவது பாட்டிலேயே என் கை தானாகப் போனை நோக்கிப் போனது. "கையை எடுங்க," என்றார் அருள் சார். நடுவில் ஒரு பெண் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கேட்டு வந்தார். சார் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். அவரும் ஏதோ ஜெபம் என்று நினைத்து முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முழுதும் ஓடி முடிந்தது. வெளியே ஒரு பைக் திணறிக் கிளம்பியது.

"நல்லா இல்லையே தம்பி," என்றார் அருள் சார்.

"இல்ல சார்."

"இதப் போய் அத்தனை வாட்டி கேட்டாளே! நீங்க சொல்லிட்டீங்களேன்னு, என்னமோ இருக்கும், எனக்குத்தான் பிடிபடலன்னு தேடிட்டே இருந்திருப்பா." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் அது நீடிக்கவில்லை.

பிறகு கணினிப் பக்கம் திரும்பி, அந்த வாசகத்தை அழித்தார். என் பெயரை அழித்தார். ஆல்பத்தின் பெயரை அழித்தார். படத்துக்குக் கீழே 'ரெஜினா' என்பது மட்டும் நின்றது. "இவ்ளோ இடம் காலியா இருக்கே," என்றார். பிறகு, "இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, காத்திருந்த அம்மாவிடம் கல்யாணத் தேதியைக் கேட்டார்.

அலுவலக நண்பர்கள் மேடத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, அவருடைய இசை ரசனையைப் பற்றி எழுது என்றார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை. அவருக்கு நான் தர வேண்டிய ஒரு பதில் மட்டும் இருக்கிறது. அதை இங்கேதான் சொல்ல முடியும்.

மேடம், கேட்டுவிட்டேன். முதல் பாட்டு வளவளவென்று போகிறது. மூன்றாவதும் நான்காவதும் ஒரே பாட்டுதான், ஏமாற்று வேலை. ஆறாவதில் டிரம்ஸ் உள்ளே வரும் இடம் மட்டும் பரவாயில்லை, அதை வேண்டுமானால் ஒப்புக்கொள்வேன். கடைசிப் பாட்டு எப்போது முடியும் என்று ஆகிவிட்டது. இதை யாரும் சாவதற்குள் கேட்டாக வேண்டும் என்ற அவசியம் இல்லை. நீங்களும் கேட்டிருக்க வேண்டியதில்லை.

போய் வாருங்கள்.