முழுகாமல் இருந்த இரண்டு மாதம்

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன மறு வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. அப்பா செத்த பிறகு பஞ்சாலைக்கு வேலைக்குப் போய், தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் அவ்வளவு வயதாகிவிட்டது. இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. மாமியார்தான் நம்பவில்லை. "இருவத்தொம்போதுன்னு சொல்றாளுவ. முப்பத்தஞ்சுக்குக் கொறையாது" என்று எங்கள் உப்பளம் பேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நான் சிரிக்கும்போது மாடு பிடிக்க வந்தவள் மாதிரி என் பல்லைப் பார்ப்பாள்.

என் வீட்டுக்காரருக்கு நாற்பத்து மூன்று. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர். அப்படி வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எழுந்தவுடன் சிகரெட், சாயங்காலம் ஆனால் பாட்டில். அவர் வயதை யாரும் கேட்கவில்லை. அவர் பல்லையும் யாரும் பார்க்கவில்லை.

மூன்று வருஷம் போயும் வயிற்றில் ஒன்றும் இல்லை. குற்றம் யாருடையது என்று தெருவே முடிவு செய்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "ஏன்க்கா, ஆலையில நூலு சுத்திச் சுத்தி கொடலையும் சுத்திக்கிட்டியா?" எல்லாரும் சிரித்தார்கள். "உன் வாயச் சுத்த ஒரு கண்டு நூலு இருக்கு, வேணுமா?" என்றேன். சிரிப்பு நின்றது. பேச்சு நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் மாதவிலக்கு வந்தால் கொல்லைப்புறச் சார்ப்பில் தனியாக உட்கார வேண்டும். தனித் தட்டு, தனிப் பாய். பிறகு தலை முழுகிவிட்டுத்தான் அடுப்படிக்கு வரலாம். அதே நாளில் ஆலைக்கு மட்டும் போகலாம், சம்பளத்துக்குத் தீட்டு இல்லை. நான் சார்ப்பில் உட்கார்ந்தால் வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கிறவளுக்கும் தெரியும், இந்த மாதமும் இல்லை என்று.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் உட்கார்ந்த மறுநாள் மாமியார் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு நோணாங்குப்பம் போவாள். கேட்டால், தூரத்து உறவில் உடம்பு சரியில்லை என்பாள். யாருக்காவது மாதா மாதம் என் தேதி பார்த்து உடம்புக்கு வருமா? ஒரு நாள் அங்கிருந்து ஒரு ஆள் கூடை நிறைய மீனோடு வந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூத்தவ இதானா?" என்று கேட்டான். மாமியார் அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனாள். மூத்தவள் என்றால் இளையவள் ஒருத்தி வரப்போகிறாள். கடலூர்ப் பக்கம் ரெண்டாங்கல்யாணத்துக்குச் சட்டம் தடை போட்டிருந்தது. எங்கள் ஊருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த மாதம் நான் சார்ப்புக்குப் போகவில்லை. மாமியார் நோணாங்குப்பம் போகிறாளா பார்க்கலாம் என்றுதான். துணியை ஆலைக் குழாயில் அலசிக்கொண்டேன். வழக்கம்போல அடுப்படியில் நின்று குழம்பு வைத்தேன். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை.

மாமியார் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்து என் தட்டில் முட்டை விழுந்தது. "தின்னுடி. எலும்பும் தோலுமா இருக்க." அதற்கு அடுத்த மாதமும் நான் உட்காராததைக் கண்டு, முழுகாமல் இருக்கிறேன் என்று தெருவுக்குச் சொல்லிவிட்டாள். மீன்காரன் மறுபடி வந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். என் சந்தேகம் சரி என்று அன்றைக்கு உறுதியானது.

இப்போதுதான் என் வீட்டுக்காரரை நகர்த்த முடியும் என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். ஏற்கெனவே இரண்டு தடவை போயிருக்கிறேன். "புருஷனைக் கூட்டிட்டு வா, அப்பறம் பேசலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இவரோ, "எனுக்கு என்ன கேடு?" என்று உதறிவிட்டார். இந்தத் தடவை, "புள்ளைக்கு அப்பன் வரணுமாம்" என்றேன். தொப்பியை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

டாக்டரம்மாவிடம் நான் முதலில் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். "என்ன வேலை செஞ்சிருக்க நீ!" என்று திட்டினார். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டு, சைகோனில் ஏதாவது வியாதி வந்ததா என்று கேட்டார். இவர் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அங்க எல்லாருக்கும் வந்துச்சு, மதாம்" என்றார். எனக்கு அப்போதுதான் தெரியும். பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டார். எனக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை என்பதையும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன். வீடு வரும்வரை அவர் எனக்குப் பின்னாலேயே நடந்தார்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்துச் சொன்னார். முப்பது தாண்டினால் பெண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், முப்பத்தைந்துக்கு மேல் வேகமாகக் குறையும். நான் விடியற்காலை ஆலைச் சங்குக்கு ஓடி, பழைய சோற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு நாள் முழுக்க நின்றதும் உடம்பைக் கெடுத்திருக்கிறது. ஆனாலும் எனக்கு வாய்ப்பு இருக்கிறது. "உங்களுக்குத்தான் இல்ல" என்று இவரைப் பார்த்தார். "அந்த வியாதி வழியை அடைச்சிடுச்சு. எத்தனை பேரைக் கட்டினாலும் இதுதான்."

என்னைப் பற்றிச் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது. பொய் என்று சொல்ல முடியவில்லை.

வெளியே வந்து மரத்தடியில் சிகரெட் பற்றவைத்தார். "வெளிய சொல்லிடாத."

"நோணாங்குப்பத்துப் பொண்ணு?"

"உனுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்தப் பேச்ச நீங்களே நிறுத்துங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

நிறுத்தினார். எப்படி நிறுத்தினார் தெரியுமா? சாப்பாட்டில் கை வைத்தபடி அம்மாவிடம், "அவளுக்குக் கலஞ்சிடுச்சு. ரெண்டாந்தாரப் பேச்சு எடுத்தா நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்" என்றார். நான் குழம்புச் சட்டியோடு நின்றேன். பேச்சு நின்றது, நான் கேட்டது அதுதான். ஆனால் இல்லாத பிள்ளையைக் கொன்ற பழி என் தலையில் விழுந்தது. ஆலையில் நின்று நின்று கலைத்துவிட்டாள் என்று தெரு பேசியது. எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது அவள் கேலியைவிடக் கசந்தது. மாமியார் வீராம்பட்டினத்து அம்மன் கோயிலுக்குப் போய் அந்தப் பிள்ளைக்காக அழுதுவிட்டு வந்தாள்.

அடுத்த மாதம் பழையபடி சார்ப்பில் உட்கார்ந்தேன். மாமியார் தட்டை எட்டவே வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

"நெசமாவே இருந்துச்சாடி?"

"உங்க புள்ளையக் கேளுங்க, அத்த."

திரும்பிப் பார்த்தாள். கொல்லைக் கதவில் சாய்ந்து அவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். மாமியார் கொஞ்ச நேரம் அந்தக் காலி வாசலையே பார்த்தாள். பிறகு குனிந்து, என் தட்டை வழக்கம்போலக் காலால் தள்ளாமல், கையால் என் பக்கம் நகர்த்தினாள்.

சாகும்வரை அவள் அவரைக் கேட்கவில்லை.