மச்சான் கவிழ்த்துப் பார்த்த ஆம்ப்ளிஃபையர்கள்

நான்காக மடித்த பழைய போர்வை ஒன்று. என் மனைவியின் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் பார்க்கக் கிளம்பும்போது அதையும் ஒரு பையில் போட்டு என் ஸ்கூட்டரில் மாட்டிவிடுவார். போகிற வீட்டில் வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரமாக வைப்பார். போர்வையைத் தரையில் விரித்து, விற்பவர் பதறப் பதற, ஆம்ப்ளிஃபையரைத் தலைகீழாகக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். முதலில் பாட்டுப் போட்டுக் காட்டுகிறேனே என்று விற்பவர் கெஞ்சுவார். "பாட்டு எல்லா செட்டும் பாடும் சார். எத்தனை நாள் பாடும்னு கீழ பாத்தாதான் தெரியும்" என்பார் மச்சான்.

இது தொண்ணூறுகளின் நடுவில். மச்சானுக்கு வீடு நீலசந்திராவில், வேலை ஓர் அரசுத் தொழிற்சாலையில். மற்றவர்கள் வைத்த சாலிடரை, கம்பியை ஒட்டுகிற அந்த ஈயத்தை, நாள் முழுக்க லென்ஸ் வைத்துப் பார்த்துச் சோதிக்கிற வேலை. அவர் தேடியதெல்லாம் கிட் செட்டுகளை மட்டும்தான். முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் உதிரி உதிரியாக வந்த பாகங்களை, கூடவே வந்த புத்தகத்தைப் பார்த்து, வாங்கியவர்களே வீட்டில் உட்கார்ந்து பூட்டிக்கொண்டார்கள். ஜப்பான் செட்டுகளும் சிடியும் வந்தபின் அந்தப் பழைய கிட் செட்டுகளை விற்கத் தொடங்கியிருந்தார்கள். "கம்பெனி செட்டுன்னா கம்பெனியைக் கேக்கலாம் மாப்ள. கிட்டுன்னா கட்டினவன் கையைத்தான் பாக்கணும்." ஒரே பெட்டி, ஒரே புத்தகம், ஒரே கம்பி. ஒருவர் கட்டியது முப்பது வருஷம் பாடும், இன்னொருவர் கட்டியது மூன்றாம் மாதம் புகையும். அது ஏன் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எனக்கோ, இத்தனை வீடு ஏறி இறங்கியும் இந்த மனிதர் ஒன்றைக்கூட வாங்கவில்லையே, ஏன் என்பதுதான் ஆராய்ச்சி.

இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும்தான் தொடுவார். பழைய மின்சாரம் உள்ளே தங்கியிருந்தால் அது நெஞ்சு வழியாகப் பாயக்கூடாது என்பதற்காக. சாலிடர் பளபளவென்று படிந்திருக்கிறதா, சாம்பல் நிறத்தில் உருண்டு நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். கம்பியை முனையில் வளைத்து மாட்டிய பிறகு ஈயம் வைத்திருக்கிறார்களா, அல்லது ஈயமே கம்பியைத் தாங்கட்டும் என்று விட்டுவிட்டார்களா என்று குச்சியால் நெம்பிப் பார்ப்பார். திருகாணியின் தலை சிதைந்திருந்தால் கட்டியவருக்குக் கோபம் அதிகம் என்பார். பெரும்பாலான செட்டுகளில் கடைசி நாலைந்து கம்பிகள் மட்டும் கோணலாக இருக்கும். "அன்னிக்கே பாட்டு கேட்டுடணும்னு ஆசை" என்று சிரிப்பார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு 'பரவால்ல' என்பதுதான். அதையும் ஒரே ஒரு முறை, காக்ஸ் டவுனில் ஒரு செட்டுக்குச் சொன்னார். சீட்டு எடுத்த பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதை வாங்கிவரக் கிளம்பிய அன்றுதான், போகிற வழியில் இன்னொன்றையும் பார்த்துவிடலாம் என்று மல்லேஸ்வரத்துக்கு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

கணவரை இழந்த ஒரு மாமியின் வீடு அது. செயலகத்தில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அந்தக் கணவர். மாமி பூனாவிலிருக்கும் மகளிடம் போகவேண்டியிருந்ததால் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். எங்களை வாசலிலேயே செருப்பைக் கழற்ற வைத்த வீட்டில், கூடத்து ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் மட்டும் ஒரு ஜோடி ஹவாய் செருப்பு கிடந்தது. மச்சான் செட்டைப் பார்க்கவில்லை, செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது செட்டைப் போடறதுக்குன்னே வச்சிருக்கு. வெறுங்காலோட தொட்டா சுருக்குங்கும். இவர் இருக்கச்சேலேர்ந்து அப்படித்தான்" என்றார் மாமி. கணவர் போன பிறகும் தினமும் விளக்கேற்றியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்பாராம்.

கவிழ்த்ததும் எனக்கே புரிந்தது. அத்தனை நாள் பார்த்ததில் அவ்வளவு மோசமாகக் கட்டியதை நான் கண்டதில்லை. மின்சாரக் கம்பி உள்ளே நுழைகிற துளைக்கு ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பு கம்பியின் உறையை அறுத்துச் செம்பு தெரிந்தது. செட்டைக் கட்டிய அந்தக் கணவர் எர்த் கம்பியை வெட்டி டேப் சுற்றியிருந்தார். 'உம்'மென்ற இரைச்சலை நிறுத்த அப்படிச் செய்திருப்பார், செட்டும் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பார் என்று மச்சான் என் காதோரம் சொன்னார். பிறகு மாமியிடம் திரும்பினார்.

"அம்மா, இதை இனிமே ப்ளக்ல சொருகாதீங்க. இன்னிக்கு சுருக்குங்குது. நாளைக்கு ஆளையே தூக்கிடும்."

மாமி புன்னகைத்தார். "எவ்வளவு குறைக்கணும், சொல்லுங்கோ."

"எனக்கு செட்டே வேணாம்மா. நீங்க இதைப் போடாம இருந்தா போதும்."

"நேத்திக்கு வந்தவரும் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடுத்துன்னு ஆரம்பிச்சுப் பாதி விலைக்குக் கேட்டார். இந்தப் பேச்செல்லாம் பேடாப்பா, வேண்டாம்."

பழைய சாமான் வாங்கப் போகிற எவரும் முதலில் குறை சொல்லித்தான் ஆரம்பிக்கிறோம். சைக்கிளானாலும் சரி, பீரோவானாலும் சரி, இல்லாத ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்துச் சொல்வோம். விற்பவரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதனால் நிஜமான குறை ஒன்று இருந்தபோது அதைச் சொல்ல மச்சானிடம் வார்த்தையே இல்லாமல் போனது. அழுத்திச் சொல்லச் சொல்ல மாமியின் புன்னகைதான் பெரிதானது. கம்பியையாவது வெட்டிவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். நாளைக்கு ஒருவர் வருகிறார், போட்டுக் காட்டவேண்டும் என்று மாமி மறுத்துவிட்டார்.

மச்சான் செட்டை நிமிர்த்திவைத்துப் போர்வையை மடித்தார். பிறகு சட்டைப்பையில் கை விட்டார்.

"சரிம்மா, சொன்ன வெலைக்கே எடுத்துக்கறேன். நல்லாதான் கட்டியிருக்கார். கொறைச்சுக் கேக்கலாம்னு அப்படிச் சொன்னேன்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் மாமி. அவர் முகத்தில் அப்படியொரு வெற்றி. "எத்தனையோ ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து கட்டினார்."

திரும்பும்போது பின்னால் செட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காக்ஸ் டவுன் செட்டு என்ன ஆவது என்று கத்தினேன். "வேற வழி இருந்தா சொல்லுங்க மாப்ள" என்றார். காக்ஸ் டவுன் செட்டை அந்த வாரமே வேறு யாரோ கொண்டுபோனார்கள். மச்சானைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. அவரோ வாங்கியதில் ஒரு கம்பி விடாமல் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்ட உட்கார்ந்துவிட்டார்.

செட்டை வாங்கிய அன்று நான் எழுதிக் கொடுத்திருந்த நம்பரைப் பார்த்து, பொம்மசந்திராவில் என் ஆபீஸுக்கு ஒருநாள் மாமியிடமிருந்து போன் வந்தது. பூனாவுக்குக் கிளம்புமுன் ஒரு தரம் அதைக் கேட்கவேண்டுமாம். அந்த ஞாயிறு ஆட்டோ பிடித்து நீலசந்திராவுக்கு வந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. செட்டைத் தொடப் போனவர் தரையில் எதையோ தேடினார்.

"செருப்பு வேணாம்மா. சும்மா தொடுங்க."

ஒரு விரலை வைத்தார். பிறகு உள்ளங்கையையே வைத்து அப்படியே நின்றார். "சுருக்குங்கலையே" என்றார். பாட்டு முடிகிறவரை கையை எடுக்கவில்லை. "அப்போ அன்னிக்கு நீங்க சொன்னது நிஜம்தானா?"

"ஆமாம்மா."

"உள்ளே இவர் கட்டினது ஏதானும் இருக்கா?"

இன்னொரு பொய் சொல்லிவிடமாட்டாரா என்று நான் மச்சானைப் பார்த்தேன். "ஒயர் எல்லாத்தையும் மாத்திட்டேம்மா" என்றார் அவர்.

மாமி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "இவர் குழாய் மாத்தினா ஒழுகும். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டா, உள்ளே போனவா வெளியே வர முடியாது. இத்தனை வருஷம் கூட இருந்த எனக்கா தெரியாது?"

"தெரிஞ்சுமாம்மா என்னை நம்பல?"

"யாரோ வந்து எங்காத்துக் கூடத்துல உட்கார்ந்துண்டு இவர் கட்டினது சரியில்லேன்னா, ஆமான்னு எப்படிச் சொல்வேன்?"

அதன்பின் அவரை நிறுத்த முடியவில்லை. கணவர் தன் கையாலேயே ரிப்பேர் செய்து கெடுத்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார். அண்ணன் வீட்டுக்கு என்னோடு வந்திருந்த என் மனைவி இரண்டாம் முறை காபி போட்டாள். ஆட்டோவில் ஏறும்போதுதான் மச்சானைக் கூப்பிட்டு, "யாரானும் கேட்டா இவர் கட்டினதுன்னே சொல்லுங்கோ" என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எலெக்ட்ரானிக் சிட்டிப் பையன்கள் சிலருக்கு வால்வு பைத்தியம் பிடித்தது. மச்சான் வீட்டுக்கு வருவார்கள், அவர்களும் செட்டைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சாலிடரைப் பார்த்தவர் தன் கையால் முழுசாகக் கட்டியது அது ஒன்றைத்தான். இவ்வளவு சுத்தமான வேலையை யார் செய்தது, நீங்களா அங்கிள் என்று ஆச்சரியமாகக் கேட்பார்கள்.

"மல்லேஸ்வரத்துல ஒரு சார் கட்டினதுப்பா" என்பார் மச்சான். "நல்ல கை."