நான் அமுக்க மறுத்த கால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் ஒரு கால்பந்துக் குழுவுக்கு உடம்பு பிடித்துவிடுவது என் வேலையாக இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் நல்லெண்ணெயைச் சூடாக்கி ஒவ்வொருவர் காலையும் நீவிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே மைதானத்துக்கு வந்த எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் பெஞ்சில் குப்புறப் படுத்தான். பின்தொடையில் விரலை ஓட்டினேன். ஓரிடத்தில் சதை பள்ளமாக இருந்தது. தொட்டதும் பல்லைக் கடித்தான்.

"சதை கிழிஞ்சிருக்கு. இத அமுக்கக் கூடாது, நீ ஓடவும் கூடாது" என்றேன்.

"கப்பித்தேன்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே. ரெட்டியார்பாளையத்துலேருந்து பொண்ணு வீட்டுக்காரங்க ஆட்டம் பாக்க வந்திருக்காங்க."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் குழுத் தலைவரான கப்பித்தேனிடம் சொல்லிவிட்டேன். அவன் வெளியே உட்கார்ந்தான், நாங்கள் தோற்றோம். அதன்பின் ஒரு மாதம் அவன் என்னிடம் பேசவே இல்லை.

பிறகு ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்து பாயில் படுத்தான். பள்ளம் அநேகமாக மறைந்திருந்தது. நான் மெல்ல நீவத் தொடங்கினேன்.

"கல்யாணம் முடிவாயிடுச்சிண்ணே" என்றான். "அன்னிக்கு பொண்ணோட அப்பா ஆட்டத்தயே பாக்கல. எம் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருந்தாரு."