நீலமுடிக்காரியின் மூன்றாவது ஆல்பம்

என் பத்தாவது வயதில் எனக்குத் தெரிந்த உலகத்திலேயே மிகப் பெரிய ஆள் யப்பானில் இருந்த ஒரு பாடகிதான். அவளுடைய பெயரைச் சரியாக உச்சரிக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை. தலைமுடி பளிச்சென்ற நீலத்தில் இருந்ததால் நீலமுடிக்காரி என்று வைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இத்தாலியத் தொலைக்காட்சியில் போகும் யப்பான் கார்ட்டூன் ஒன்றின் பாட்டைத் தேடப் போய் அம்மாவின் போனில் அவளைக் கண்டுபிடித்தேன். கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டபோதுகூட அவ்வளவு துள்ளியிருக்க மாட்டார்.

கண்டுபிடித்ததை ஆருக்காவது சொல்லவேண்டும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகும் கப்பல்களைத் துப்புரவு செய்யும் வேலை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நித்திரை. அம்மா பொலிதேயாமா பக்கத்தில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டு வேலையைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் வீட்டு வேலையையும் பார்ப்பவர். பாட்டுக் கேட்கக் காது ஒழியாது. மிச்சம் மாமாதான். அவர் அம்மாவின் தம்பி. சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்து, எங்கள் முன்னறையில் கட்டிலாக விரிகிற சோபாவில் படுத்து, மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். அம்மா குசினியில் தமிழ்ப் பாட்டுப் போட்டால் எழுந்து பல்கனிக்குப் போய்விடுவார். அவருக்குப் பாட்டே பிடிக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் நீலமுடிக்காரியின் குரல் கேட்டதும் அவர் எழுந்து போகவில்லை. பக்கத்தில் வந்து இருந்து கடைசிவரை கேட்டார். நல்ல பாட்டுத்தான், ஒரு சொல்லும் விளங்கவில்லையே என்று நான் வருத்தப்பட்டேன்.

“எனக்கு விளங்குது,” என்றார் மாமா.

வன்னியில் கண்ணிவெடி எடுக்க வந்த யப்பான்காரரோடு சில மாதம் வேலை செய்தவராம். பழகியதில் மொழி தானாக வந்துவிட்டதாம். நன்றி, வணக்கம், கவனம் என்பவற்றை அந்த மொழியில் சொல்லியும் காட்டினார். எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. என் வகுப்பில் எல்லோருக்கும் மாமாக்கள் இருந்தார்கள். யப்பானிய மொழி தெரிந்த மாமா எனக்கு மட்டும்தான் இருந்தார்.

அதிலிருந்து திங்கட்கிழமைகள் பெருநாட்களாகிவிட்டன. உணவகத்துக்குத் திங்கள் விடுமுறை. நான் புத்தகப் பையைக் கழற்றி எறிந்துவிட்டு பல்கனிக்கு ஓடுவேன். போனைப் பூச்சட்டியில் சாய்த்துவைத்து ஒரு பாட்டைப் போடுவோம். நீலமுடிக்காரி ஆல்பம் விடுவதற்கு முன்னால் பாட்டுகளைத் தனித்தனி சிங்கிளாக விடுபவள். ஒவ்வொன்றையும் கேட்டு முடித்ததும் மாமா பொருள் சொல்வார். பிறகு விமர்சனம். குரலுக்கு இத்தனை, தாளத்துக்கு இத்தனை, பொருளுக்கு இத்தனை, படத்தில் அவள் போட்டிருக்கும் சட்டைக்கு இத்தனை என்று புள்ளி போட்டு, கீழே போகிற வருகிற மோட்டார் சைக்கிள்களுக்கெல்லாம் கேட்கும்படி நான் உரத்து அறிவிப்பேன்.

முதல் சிங்கிள் ஒரே துள்ளல். பள்ளிக்கூட உடுப்போடு அவள் கூரைக்குக் கூரை பாய்வாள். அவளுக்கு வதிவிட அனுமதி, அதுதான் பெர்மெஸ்ஸோ, கிடைத்துவிட்டது, அந்தச் சந்தோஷம்தான் பாட்டு என்று மாமா சொன்னார். யப்பான்காரிக்கு யப்பானில் இருக்க பெர்மெஸ்ஸோ எதற்கு என்று கேட்டேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, எங்கே இருக்கிறதென்றாலும் ஒரு பேப்பர் வேண்டும்தானே என்றார். நியாயமாகப் பட்டது. பொருளுக்கு ஒன்பது போட்டோம். இரண்டாவது சிங்கிளில் மேளம் நிற்காமல் அடித்தது. அது கோப்பை கழுவுகிறவளின் பாட்டாம். முடிந்தது என்று அவள் கையைத் துடைக்கும்போதெல்லாம் அடுத்த தட்டுக் குவியல் வந்து விழுகிறதாம். மொண்டெல்லோவில் கோடைகாலம் முழுக்க அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்ததாகச் சொன்னார். முதல் ஆல்பத்தில் பூனைச் சத்தத்தோடு தொடங்கும் பாட்டுக்கு நான் மூன்று போட, அவர் பத்துத்தான் என்று அடம்பிடித்து, இரண்டு நாள் நாங்கள் பேசாமல் இருந்ததும் நடந்தது. மாமா அப்படிச் சண்டை பிடிக்கக்கூடியவர் என்பது அம்மாவுக்கே புதினம். குசினி வாசலில் நின்று பார்த்துச் சிரித்துவிட்டு, ஆருக்கும் விளங்காத பாட்டுக்கு இரண்டு விசருகள் என்றார்.

இரண்டாவது ஆல்பத்தில் மெதுவான ஒரு பாட்டு இருந்தது. பியானோவும் குரலும் மட்டும். அது முடிந்து, நான் தோளைப் பிடித்து உலுப்பிய பிறகுதான் மாமா பொருள் சொல்லத் தொடங்கினார்.

“ஒரு அக்காவும் தம்பியும். தண்ணிக்குள்ளால சனத்தோட சனமா நடக்கினம். தண்ணி நெஞ்சளவு. அவள் தம்பியின்ர கையை இறுக்கிப் பிடிச்சிருக்கிறாள். எங்கயோ பெரிய சத்தம், சனம் இடிக்குது, கை வழுக்கிப் போச்சு. திரும்பிப் பாத்தால் அவனைக் காணேல்லை. இப்ப அவள் எந்தச் சனக்கூட்டத்தைக் கண்டாலும் முகத்தைப் பாக்கிறேல்லை, கையைத்தான் பாப்பாள். முகம் வளந்து மாறியிருக்கும். கையில சைக்கிள் செயின் வெட்டின தழும்பு ஒண்டு. அது மாறாது.”

கண்டுபிடித்தாளா என்று கேட்டேன். மாமா போனை எடுத்துத் திரையைத் துடைத்தார்.

“மூண்டாவது ஆல்பத்தில சொல்லுவாள்.”

வளர்ந்தபின் அந்தப் பாட்டின் வரிகளை இத்தாலிய மொழிபெயர்ப்பில் தேடி வாசித்தேன். ரயிலில் மறந்துபோன ஒரு குடையைப் பற்றியது. பெர்மெஸ்ஸோப் பாட்டு முதல் காதல். கோப்பைப் பாட்டு பரீட்சைக் காய்ச்சல். ஆனால் அன்றைக்கு எனக்கு மாமாவின் சொல்தான் வேதம். மூன்றாவது ஆல்பம் அடுத்த வசந்தத்தில் வரும் என்று ரசிகர் பக்கமொன்றில் போட்டிருந்தார்கள். அந்தத் தம்பி கிடைப்பானா மாட்டானா என்ற தவிப்பில் நான் கணக்குப் பாடத்தில்கூடக் கவனமாக இருக்கவில்லை.

அந்த மாசிமாதம் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டுவிழா வந்தது. பேச்சுப்போட்டிக்குத் தலைப்பு, நான் விரும்பும் கலைஞர். ஆசிரியை வழக்கம்போல் தானே எழுதிய பேச்சுகளைப் பாடமாக்கத் தந்தார். நான் என் பங்கை மேசையில் வைத்துவிட்டு, நீலமுடிக்காரியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அம்மாவுக்குப் போன் எடுத்தார். அம்மா எனக்கு அடிக்காத குறை. இத்தனை சனத்துக்கு முன்னால் நீலத் தலையைப் பற்றிப் பேசி மானத்தை வாங்கப் போகிறாயா என்று கத்தினார். அப்போது மாமா வாய் திறந்தார். பேச்சு தமிழில் இருக்கவேண்டும் என்பதுதானே விதி, கலைஞர் தமிழில் பாடவேண்டும் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவர் அம்மாவை எதிர்த்துப் பேசி நான் கண்டது அன்றுதான். அம்மா அதிசயத்தில் சம்மதித்துவிட்டார்.

இரண்டு கிழமை வீடு அல்லோலகல்லோலப்பட்டது. பெர்மெஸ்ஸோப் பாட்டு, கோப்பைப் பாட்டு, பூனைப் பாட்டு மூன்றையும் விமர்சிப்பது என்று நானும் மாமாவும் தீர்மானித்தோம். எங்கே கையை உயர்த்துவது, எங்கே குரலை இறக்குவது என்று சொல்லித் தந்தார். மெதுவான பாட்டை அவர் சேர்க்கவில்லை. நேரம் போதாது என்று விட்டிருப்பார் என எண்ணினேன். அதுவோ ஆல்பத்தின் ஆகச் சிறந்த பாட்டு. அதைச் சொல்லாமல் ஒரு விமர்சகர் எப்படி மேடையை விட்டு இறங்குவது? மாமாவுக்குத் தெரியாமல் அதைக் கடைசியில் சேர்த்தேன். அவர் மகிழ்ந்துபோவார் என்று நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விழா நடந்தது ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில். எனக்கு முன் பேசியவர்களில் நால்வர் ஒரே நடிகரை விரும்பினார்கள், அதுவும் ஒரே வசனங்களில். பிறகு என் பெயர். ஒலிவாங்கியை என் உயரத்துக்குக் கீழே இறக்கினார்கள். அவைத்தலைவருக்கும் நடுவர்களுக்கும் வணக்கம் சொல்லி, “யப்பான் தேசத்தின் இசைவானில் நீலநிறத்தில் உதித்தவள்” என்று தொடங்கியதும் பின்வரிசைப் பெடியங்கள் விசிலடித்தார்கள். பெர்மெஸ்ஸோ என்றதும் மண்டபம் முழுக்கச் சிரித்தது. கோப்பைப் பாட்டுக்கு ஆண்கள் கைதட்டினார்கள். அந்நேரம் பின்கதவால் மாமா வந்தார். உணவகத்தின் கறுப்புக் கால்சட்டையோடு, மதியச் சாப்பாட்டு வேலையை அரைவாசியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். சுவரோடு நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்குச் சிறகு முளைத்ததுபோல் இருந்தது.

பூனையை முடித்துக்கொண்டு மெதுவான பாட்டுக்கு வந்தேன். நெஞ்சளவு தண்ணீருக்குள் யப்பான்காரர் எதற்கு நடக்கப்போகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எனவே விமர்சகருக்குரிய உரிமையோடு அதைத் தோக்கியோ ரயில் நிலையமாக மாற்றியிருந்தேன். சனநெரிசல், அக்காவும் தம்பியும், வழுக்கிய கை, தழும்பு. அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நடக்கிறாள் என்று சொல்லி, கற்றுத்தந்தபடி குரலை இறக்கினேன். முன்வரிசையில் ஒரு அன்ரி சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்தினார். விசிலடித்த பெடியங்களின் தாய்மார் குனிந்திருந்தார்கள். என் பேச்சின் வல்லமை எனக்கே பிரமிப்பாக இருந்தது.

நிமிர்ந்து மாமாவைத் தேடினேன். சுவரடியில் அவர் இல்லை, பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்துக்குப் பத்து என்று அறிவிக்கப்போகும் நேரம் பார்த்துத்தானா சிகரெட் பத்தப் போகவேண்டும்?

“தம்பி கிடைத்தானா என்பதை மூன்றாவது ஆல்பத்தில் அவள் சொல்லுவாள். அதுவரை நாம் அனைவரும் காத்திருப்போம். நன்றி, வணக்கம்.”

கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது நெடுநேரம் ஓயவில்லை. எனக்கு இரண்டாம் பரிசு தந்தார்கள். கிண்ணத்தைத் தந்த ஆசிரியை என் தலையைத் தடவிவிட்டார்.

பொலிதேயாமாவில் பஸ் ஏறினோம். அம்மா யன்னல் பக்கம் இருந்தார். கிண்ணத்தை அவர் மடியில் வைத்தேன். அதை அவர் பார்க்கவே இல்லை. மானத்தை வாங்கிவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்துபோனேன். இரண்டு மூன்று தரிப்பு கழிந்தபின் அந்தக் கடைசிப் பாட்டின் பொருளை எனக்கு ஆர் சொன்னது என்று கேட்டார். மாமா என்றேன்.

“மாமா வேறை என்ன சொன்னவர்? ஒண்டும் விடாமல் சொல்லு.”

நீலமுடிக்காரியைப் பற்றி அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடையில் வெட்டியதையெல்லாம் கொட்டினேன். ரயில் நிலையம் நான் போட்டது, மாமா சொன்னது தண்ணீர், நெஞ்சளவுத் தண்ணீர், பெரிய சத்தம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்.

“தழும்பு எண்டனியே. சைக்கிள் செயின் வெட்டினதோ?”

நான் இருக்கையிலிருந்து எழும்பியே விட்டேன். செயின் கதையை நான் மேடையில் சொல்லவில்லை, பஸ்ஸிலும் இன்னும் சொல்லவில்லை.

“அம்மா, உங்களுக்கும் யப்பான் பாஷை தெரியுமோ?”

“கொஞ்சம்,” என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்தபோது மாமா எங்களுக்கு முன்பே வந்து குசினி மேசையில் இருந்தார். அம்மா கைப்பையைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் கிண்ணத்தோடு வெளியே நின்றேன்.

அம்மாவுக்கு இரண்டு தம்பிகள் இருந்தார்கள், சின்னவருக்குப் பதின்மூன்று வயது, சண்டையின் கடைசி நாட்களில் இருவரும் ஒன்றாகத்தான் அந்தத் தண்ணீருக்குள் இறங்கினார்கள் என்பதெல்லாம் பல வருடம் கழித்து எனக்குச் சொல்லப்பட்டவை. சின்னவருக்கு என்ன நடந்தது என்று அம்மா எத்தனையோ தரம் கேட்டும், இத்தாலிக்கு வந்த பிறகும் மாமா ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. எங்கள் வீட்டில் இப்போது யப்பானிய மொழி தெரிந்தவர்கள் இரண்டு பேர். பாட்டைப் பற்றி உள்ளே பெரிய விவாதம் நடக்கிறது. பத்துக்குப் பத்து சரிதானா என்று முடிவெடுக்கிறார்கள். மாமா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. இடைக்கிடை அம்மாவின் குரல் வந்தது.

பெரியவர்கள் அந்த மொழியை வேகமாகப் பேசினால் எப்படி இருக்கும் என்று கேட்கும் ஆசையில் மூச்சை அடக்கிக் கதவில் காதை வைத்தேன். உள்ளே தமிழில்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது.