குடுக்குற ஊரு

சுனாமி அடித்த இரண்டாவது வாரம். சாரம் பகுதியில் என் தெருமுனை டீக்கடையில் ஒரே பேச்சு: வெளிநாட்டு அரசாங்கங்களின் உதவி வேண்டாம் என்று தில்லி சொல்லிவிட்டதாம், நம் கப்பல்களே இலங்கைக்கு உதவி கொண்டு போகின்றனவாம்.

"இனிமே நாம வாங்குற ஊரு இல்லப்பா, குடுக்குற ஊரு! பெரிய நாட்டுக்காரனுங்க பக்கத்துல நமக்கும் ஒரு நாற்காலி போட்டுத்தான் ஆவணும்" என்றார் டீ ஆற்றியவர். இப்படிப்பட்ட பேச்சென்றால் எனக்கு உயிர். அதையே சொல்லிக்கொண்டு மீனவர் ஊரான வீராம்பட்டினத்துக்கு சைக்கிள் மிதித்தேன்.

அங்கே உதவி செய்ய வந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதிக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நம் ஊர்ப் பென்ஷன்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தே அந்த மொழியைக் கற்றவன். யாராவது கூப்பிட்டால் நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

மணலில் உட்கார்ந்திருந்த ஒரு மீனவ அம்மாளிடம், என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னார் பிரெஞ்சுக்காரப் பெண்மணி. தங்கள் சொந்தப் பணம்தான் என்றும் சொன்னார்.

"கட்டுமரம் தப்பிச்சிடுச்சு தம்பி, வலதான் போச்சு. அரிசி யாராச்சும் குடுப்பாங்க. ஒரு வல வாங்கிக் குடுக்கச் சொல்லு, எம் புள்ள கடலுக்குப் போயிடுவான்" என்று அந்த அம்மாள் இரு கைகளையும் நீட்டினார்.

அந்தக் கைகள் எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளைக்காரர் முன்னால் இப்படியா?

"நன்றி சொல்கிறார், மதாம். எங்கள் அரசாங்கமே எல்லாம் பார்த்துக்கொள்கிறது. ஒன்றும் வேண்டாமாம்" என்றேன் பிரெஞ்சில். ஒரு பிழை இல்லை. கணவர் மரியாதையாகத் தலை வணங்கினார். சரி என்கிறார் என்று நினைத்து அந்த அம்மாள் சிரித்தார்.

ஆறேழு மாதம் கழித்துத் தவளக்குப்பம் சந்திப்பில் அவரைப் பார்த்தேன். சேலையெல்லாம் சிமெண்ட்.

"தம்பி, அந்த வெள்ளக்காரம்மா ஊருக்குப் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கம்மா. புள்ள எங்க?"

"அரசாங்க வல வர்ற வரைக்கும் தாங்கல. கேரளாவுக்குப் போயிட்டான், எவனோ படகுல கூலிக்கு. நான் தெரியாம பெருசா கேட்டுட்டேன் போல. பாவம், உன்னையும் சங்கடப்படுத்திட்டேன்."

"உங்க மேல தப்பில்லம்மா" என்றேன். அடுத்து யார் மேல் என்று சொல்லியாக வேண்டும். வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது நான் போக வேண்டிய பஸ்ஸே இல்லை.